முந்நூற்று நாற்பதாவது வரி

மணிவண்ணன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். வெளிக்கதவில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மோட்டார் போட்டான். மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினான். ஏஞ்சல் குளிக்கப் போனாள். அவன் குக்கரில் அரிசி வைத்தான். மூன்று விசில். அவள் டப்பாவில் சோறு, தன் டப்பாவில் சோறு, இரண்டிலும் முந்தைய நாள் காரக்குழம்பு. கத்தரிக்காயை எல்லாம் பொறுக்கி அவள் டப்பாவில் போட்டான். அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது.

ஆறரைக்குப் பின்னறைக்குப் போய்ப் பழைய கம்ப்யூட்டரைப் போட்டான்.

தினமும் அப்படித்தான். ஆறரையிலிருந்து ஏழரை வரை அவனுடைய நேரம். ஏழரைக்கு ஏஞ்சல் கூப்பிடுவாள். அவன் முன்னறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, அவள் மேலே மடிக்க மடிக்கக் கொசுவத்தின் அடிப்பக்கத்தை நீவிப் பிடித்துக்கொள்வான். கஞ்சி போட்ட காட்டன் புடவைக்குக் கீழே ஓர் ஆள் பிடித்தால்தான் மடிப்பு நிற்கும். இரண்டு நிமிட வேலை. அதன் பிறகு அவள் எட்டேகால் பஸ்ஸுக்குக் கிளம்புவாள். கூரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவன் ஒன்பதரைக்குக் காந்தி ரோடு போவான். பட்டுக்கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர்கள் நின்றுபோனால் சரிசெய்வது அவன் வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் எல்லாம் இதே வரிசையில்தான் நடந்தன. ஏழே முக்காலுக்கு அவன் பின்னறையிலிருந்து எழுந்து வந்தபோது ஏஞ்சல் பீரோவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் கொசுவம் மடித்தபடியே இருந்தது. மடியில் ஓர் ஊக்கு கிடந்தது.

“சாரி, சாரி, வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே அவள் எதிரில் உட்கார்ந்து மடிப்புகளின் நுனியைப் பிடித்தான். பிடித்து நீவிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

*

ஆம்புலன்ஸ் பதினைந்து நிமிடத்தில் வந்தது. வந்த பையனும் பெண்ணும் அவளைப் படுக்கவைத்து என்னென்னவோ செய்தார்கள். பிறகு அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு, “சார், வூட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டாள். மணிவண்ணனுக்கு முப்பத்து நான்கு வயது. வீட்டில் அவன்தான் பெரியவன்.

அடுத்த தெரு டாக்டர் வந்தார். ஏஞ்சலுக்குப் பத்து வயதிலிருந்து இதய வால்வில் கோளாறு. இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை அவரிடம்தான் ஊசி போட்டுக்கொள்வாள். குழந்தை வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் கண்ணைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து தாளை எடுத்தார்.

“காலையில ஏதாவது சொன்னாங்களா? மூச்சு வாங்குது, படபடன்னு இருக்குதுன்னு?”

“ஏதோ சொன்னா சார்.”

“ஏதோன்னா?”

“நான் உள்ள இருந்தேன்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவனைப் பார்த்தார். மறுபடி எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, “நானே பக்கத்துல உக்காந்துக்கினு இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுபா. மனசுல வெச்சிக்காத” என்றார்.

எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்வாரோ என்று மணிவண்ணன் நினைத்தான்.

ஒன்பது மணிக்குள் தெருவே வந்துவிட்டது. பக்கத்துப் போர்ஷன் கலையரசி தன் பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு ஓடிவந்தாள். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திறந்தபோது ஏஞ்சல் வேறு புடவையில் இருந்தாள். மாம்பழ நிறப் பட்டு. கொசுவம் ஒழுங்காக இருந்தது. இரண்டு பேர் பிடித்திருப்பார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். எப்படி நடந்தது என்பது முதல் கேள்வி. அதற்கு டாக்டர் சொன்னதைச் சொன்னான். இரண்டாவது, கடைசியாக என்ன சொன்னாள்.

“இன்னா சொன்னா கடைசியா? ஒண்ணுமே சொல்லலியா?”

“உன்ன கூப்டலியாபா?”

“அம்மாவ கேட்டாளா?”

சர்ச்சிலிருந்து வந்த ஒரு அம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “இயேசுவேன்னு சொல்லியிருப்பா. உனக்குக் கேட்டிருக்காது” என்றார். அவன் தலையை ஆட்டினான். அப்படியும் இருக்கலாம். அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாது என்பதுதான் விஷயம்.

முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் பன்னிரண்டு அடி. கதவு திறந்துதான் இருந்தது. அவள் பேசினாள். அவன் ‘ஒரு நிமிஷம்’ என்றான். அவள் மறுபடியும் ஏதோ சொன்னாள். அவன் ‘ம்’ என்றான். அந்த ‘ஒரு நிமிஷ’மும் ‘ம்’மும் அவனுக்கு நன்றாக நினைவிருந்தன. இரண்டும் அவன் சொன்னவை. அவள் சொன்னவை இரண்டும் இல்லை.

*

பின்னறைக் கம்ப்யூட்டர் ஒரு நானூற்றெண்பத்தாறு. இன்றைக்கு யாருக்கும் அந்த எண் ஒன்றும் சொல்லாது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் பரணில் இருபது வருடம் கிடந்தது. “தூக்கினு போயிடுபா, எடத்த அடச்சிக்கினு கெடக்குது” என்று முதலாளி சொன்னார். ஆட்டோவில் வைத்து எடுத்துவந்தான். உள்ளே ஒரு பல்லியின் எலும்பு இருந்தது. பவர் சப்ளையை மாற்றினான். மதர்போர்டில் பேட்டரி கசிந்த இடத்தைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையில் எழுத்து வந்தபோது ஏஞ்சலைக் கூப்பிட்டான். அவள் கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

“இது இன்னா பண்ணும்?”

“நாம சொல்றத பண்ணும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“அப்ப உன்ன வுட எவ்ளோவோ மேல்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குக் கிழவன் என்று பெயர் வைத்தாள்; அவள் வாயில் அது கெயவன். “கெயவன் முழிச்சிட்டானா?”, “கெயவனுக்கு இன்னிக்கி இருமலு ஜாஸ்தியா இருக்குது” என்பாள். ஃபிளாப்பி சுற்றும்போது வரும் கரகர சத்தம்தான் அந்த இருமல்.

மணிவண்ணனுக்கு அதில் என்ன பிடிக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது அப்டேட் கேட்காது. நீ இதை விரும்புவாய் என்று எதையும் காட்டாது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு எரியும். அவன் ஏதாவது சொல்லும்வரை எரிந்துகொண்டே இருக்கும். ஒன்பதாம் வகுப்பில், வாரத்துக்கு ஒரு பீரியட், ஆறு கம்ப்யூட்டர், நாற்பது பேர் என்று இருந்த காலத்தில் அந்தக் கோட்டை முதலில் பார்த்தான். மற்ற நாள்களில் நோட்டில்தான் புரோகிராம். நோட்டில் எழுதி, நோட்டிலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். முதல் வரியிலிருந்து விரலை வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எது எவ்வளவாக மாறுகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும். தப்பு எங்கே என்று தெரியாவிட்டால் திரும்ப முதல் வரிக்குப் போக வேண்டும். நடுவிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்பார் கம்ப்யூட்டர் சார்.

அந்த நோட்டு பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது கிடைத்தது. அதில் பரமபத விளையாட்டுக்கு ஒரு புரோகிராம் இருந்தது. பதினான்கு வயது எழுத்து, நீல மை. அதைப் பார்த்துப் பார்த்துக் கெயவனில் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வரி. அவசரமில்லாத வேலை.

வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் அதில் உட்கார்ந்து காலையை முதல் வரியிலிருந்து ஓட்டிப் பார்த்தான். பால். மோட்டார். குக்கர், மூன்று விசில். டப்பா. கத்தரிக்காய். கம்ப்யூட்டர். நோட்டு. ஏழரை. அந்த இடத்துக்கு வந்ததும் குரல் மட்டும் கேட்டது. ஏற்ற இறக்கம் கேட்டது. சொல் கேட்கவில்லை. மறுபடி பாலிலிருந்து ஆரம்பித்தான்.

*

மாமியார் அன்னம்மாள் பத்து மணிக்குப் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்தார். தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. நேராக உள்ளே போனார். ஏஞ்சலின் நெற்றியில், கன்னத்தில், கையில் முத்தமிட்டார். பாதத்தைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். மணிவண்ணன் எழுந்து நின்றான்.

“நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டார்.

ஐந்து வருடமாக அவனை ‘வாபா, போபா’ என்று பேசுகிறவர். ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டபோது மூன்று வருடம் பேசாமல் இருந்தார். பேச ஆரம்பித்த நாளிலிருந்து ‘நீங்க’ என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

“உள்ள இருந்தேம்மா.”

“உள்ளன்னா? அந்தப் பொட்டி முன்னாடியா?”

“ஆமா.”

“எம் பொண்ணு கூப்டலியா உங்கள?”

“ஏதோ சொன்னா. நான் ஒரு நிமிஷம்னேன்.”

“ஏதோ சொன்னா.” அன்னம்மாள் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். “நோவுதுன்னாளா? தண்ணி குடுன்னாளா? அம்மான்னாளா? இன்னா சொன்னா?”

“தெரிலமா.”

“பன்னெண்டு அடி இருக்குமா இந்த வூடு? பன்னெண்டு அடியில பொண்டாட்டி பேசறது காதுல வுழல. உங்களுக்கு ஊரெல்லாம் எங்க எந்த மிஷினு கெட்டுக் கெடக்குதுன்னு தெரியிது.”

யாரோ அவரைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்கள். அவர் போகும்போது திரும்பி, “அவ கூப்டாளா இல்லியான்னு மட்டும் எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்” என்றார்.

மணிவண்ணன் உட்கார்ந்தான். அவனுக்கும் அது மட்டும்தான் தெரிய வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் கூப்பிட்டு, அவன் ‘ம்’ என்று சொல்லியிருந்தால்? டாக்டர் சொன்னது டாக்டருடைய கணக்கு. அவள் கூப்பிட்டாளா என்பது வேறு.

கலையரசி டீ கொண்டுவந்தாள். டம்ளரை அவன் கையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணா, எதையாச்சும் சொல்லிடுங்க. அம்மான்னு கூப்டான்னு சொல்லுங்க. அவங்களுக்கு அது போதும். மனசு ஆறிடும்.”

“அப்டி சொல்லலியே.”

“யாரு வந்து பாக்கப் போறாங்க?”

அவன் டீயைக் குடித்தான். சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். உள்ளே போனான். அன்னம்மாள் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒதுக்கிய முடி மறுபடி முன்னால் வந்து விழுந்தது. அவர் மறுபடி ஒதுக்கினார். அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் வாயைத் திறந்தான். இல்லாததைச் சொல்ல வரவில்லை.

“கிறிஸ்டோபர் கெளம்பிட்டானாம்மா?” என்று அவர் மகனைப் பற்றிக் கேட்டான்.

“ஏர்போட்டு போயிக்கினு இருக்கறான். மஸ்கட்லர்ந்து நாளைக்குக் காலையிலதான் எறங்கறான்.”

“அடக்கத்த நாளைக்கே வெச்சிக்கலாம். உங்க கல்லறத் தோட்டத்துலயே வைக்கலாம். எனக்கு ஒண்ணுமில்ல.”

அன்னம்மாள் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். அவன் உட்காரவில்லை.

*

நாளைக்கு என்று ஆனதால் ஐஸ் பெட்டி தேவைப்பட்டது. வீட்டுக்காரர் துரைக்கண்ணு போன் செய்தார். பதினொன்றரைக்கு மினி லாரியில் சிட்டிபாபு என்பவர் பெட்டியைக் கொண்டுவந்தார். நான்கு பேர் தூக்கி முன்னறையில் வைத்தார்கள். சிட்டிபாபு ஒயரைப் பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

“பவர் பிளக்கு எங்கண்ணே?”

“அதோ, டிவி பக்கத்துல இருக்குதே” என்றார் துரைக்கண்ணு.

“அது சின்னதுண்ணே. அஞ்சு ஆம்ஸு. இதுல போட்டா எரிஞ்சிடும். நடு ராத்திரில பெட்டி நின்னுச்சின்னா அப்பறம் என்ன திட்டுவீங்க. பதினஞ்சு ஆம்ஸு வேணும்.”

“பெரிய பிளக்கு இந்த வூட்ல ஒண்ணுதான் வெச்சேன். ஏசிக்குன்னு. பின்னாடி ரூம்ல.”

எல்லோரும் பின்னறையைப் பார்த்தார்கள். கதவு காலையிலிருந்து பாதி திறந்தே இருந்தது. யாரும் உள்ளே போகவில்லை. சிட்டிபாபு எட்டிப் பார்த்தார்.

“அதுல ஏதோ கம்ப்யூட்டரு ஓடுதுபா. யாருது? புடுங்கட்டா?”

“வேணாம்” என்றான் மணிவண்ணன். “நான் நிறுத்தறேன்.”

உள்ளே போனான். கெயவன் காலையிலிருந்து விழித்தே இருந்தான். திரையில் கடைசியாக அடித்த வரியும் அதன் கீழே அந்தச் சின்னக் கோடும். நாற்காலி அவன் எழுந்தபோது தள்ளிய இடத்திலேயே இருந்தது. நோட்டு திறந்திருந்தது. பக்கத்தின் மேல் கனத்துக்காக வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரும் அப்படியே இருந்தது.

அவன் உட்கார்ந்தான். முந்நூறாவது வரி வரைக்கும் முந்தைய நாளே ஃபிளாப்பியில் சேமித்திருந்தான். இன்று வெகுநேரம் பழைய வரிகளை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஏழரைக்குச் சற்று முன் ஆரம்பித்துப் புதிதாக அடித்ததெல்லாம் மெஷினின் ஞாபகத்தில் மட்டும்தான். ஒயரைப் பிடுங்கினால் போய்விடும்.

போனால் என்ன என்று தோன்றியது. ஆனால் கை பழக்கப்படி போனது. பழைய கம்ப்யூட்டர் சாருக்கு ஒரு விதி உண்டு. தப்போடு சேமிக்காதே, முதலில் ஓட்டிப் பார். லேபில் ஃபிளாப்பிகள் குறைவு என்பதால் வைத்த விதி. இருபது வருடமாக மணிவண்ணன் அதை மீறியதில்லை.

“அண்ணே, பெட்டில கூலிங்கு வுட்டுப்போயிக்கினே இருக்குது” என்றார் சிட்டிபாபு வாசலிலிருந்து.

“ஒரு நிமிஷம்.”

சொன்னவுடன் கை நின்றது.

“இன்னிக்குமா?”

அன்னம்மாள் அறை வாசலில் நின்றிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை. சிட்டிபாபு அவரைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். அன்னம்மாள் உள்ளே வந்து சுவரோரம் நின்றார். திரையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். நாற்காலிப் பக்கமாகக் குனிந்து முன்னறையை எட்டிப் பார்த்தார். அங்கிருந்து பீரோ தெரியாது. பீரோவின் நிழல்தான் தெரியும்.

மணிவண்ணன் ஓட்டச் சொன்னான். புரோகிராம் ஓடியது. பரமபதக் கட்டங்கள் வரிசை வரிசையாகத் திரையில் வந்தன. ஏணிகளுக்குக் கோடு போட்டது. பாம்புகளுக்குப் போகும்போது பீப் என்றது. நின்றது. முந்நூற்று நாற்பதாவது வரியில் பிழை என்று காட்டி, அந்த வரியை அப்படியே திரையில் எடுத்து வைத்தது.

நோட்டில் அந்த வரியைப் பார்த்தான். பாம்பு கடித்தால் காயை எந்தக் கட்டத்துக்கு இறக்குவது என்கிற வரி. கடைசியில் ஒரு அடைப்புக்குறியோடு முடிய வேண்டும். திரையிலும் அடைப்புக்குறி இருந்தது. அதற்குப் பிறகு ஏழு ஆங்கில எழுத்துகள் இருந்தன. நோட்டில் அவை இல்லை.

முடிச்சி.

ஆங்கில எழுத்தில் அப்படி இருந்தது. அதற்கு மேல் இல்லை. வரி எண்கள் பத்துப் பத்தாகத்தான் ஏறும்; அடுத்த வரி முந்நூற்று ஐம்பது. அது நோட்டில் உள்ளபடியே இருந்தது.

அதைத் தான் தட்டவில்லை என்று முதலில் நினைத்தான். பிறகு அவன் கைதான் என்று தெரிந்தது. இது அவனுக்குப் புதிதல்ல. கண் நோட்டில் இருக்கும்போது யாராவது பேசினால், கேட்ட சொல்லைக் கை அடித்துவிடும். ஒருமுறை ஒரு கடையின் பில்லில் முதலாளி டீ சொன்னது விழுந்து, வாடிக்கையாளர் புடவையோடு ‘ரெண்டு டீ’யும் வாங்கியதாக அச்சாகி வந்தது. வீட்டுக்கு வந்து ஏஞ்சலிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கித் தண்ணீர் குடித்தாள்.

காது கேட்கவில்லை. கை கேட்டிருக்கிறது.

முந்நூற்று ஐம்பதிலிருந்து நானூற்று எழுபது வரை எண்ணினான். பதின்மூன்று வரி. அந்த ஒரு நிமிஷம் பதின்மூன்று வரி. அவன் வேகத்துக்கு ஒரு பத்து நிமிடம் இருக்கும்.

அவன் மறுபடியும் முன்னால் போனான். இந்த முறை பாலிலிருந்து அல்ல. முந்நூற்று முப்பதாவது வரியிலிருந்து. அதை அடித்துக்கொண்டிருந்தான். பாம்பின் வால் எண், தலை எண். முன்னறையில் பீரோக் கதவு கிறீச்சிட்டது. புடவை உதறும் சத்தம், கஞ்சி மொடமொடப்பு. பிறகு குரல். இப்போது அது வந்தது. முழுதாக வந்தது. உதட்டைத் திறக்காமல் பேசிய குரல், வாயில் ஊக்கு இருந்ததால்.

“இன்னா எழுதியிருக்குது?” என்று கேட்டார் அன்னம்மாள்.

“புரோகிராமும்மா.”

“நிறுத்தப் போறியா இல்லியா?”

அவன் அந்த வரியைத் திருத்தவில்லை. பிழையோடு சேமித்தான். ஃபிளாப்பி கரகரவென்று இருமியது. முடிந்ததும் ஃபிளாப்பியை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். சுவிட்சை அணைத்தான். குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். சிட்டிபாபு ஓடிவந்து தன் ஒயரைச் செருகினார். முன்னறையில் பெட்டி உறுமத் தொடங்கியது. “வந்திருச்சி, வந்திருச்சி” என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் அவளைத் தூக்கிப் பெட்டிக்குள் வைக்கும் சத்தம் கேட்டது. ஒருவர், “தலைய பாத்து, தலைய பாத்து” என்றார்.

மணிவண்ணன் எழுந்து போகவில்லை. அன்னம்மாளும் போகவில்லை. அவர் மெதுவாகச் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அவன் நாற்காலியிலிருந்து இறங்கி எதிரில் உட்கார்ந்தான். அறையில் இப்போது கெயவனின் விசிறிச் சத்தம் இல்லை. இத்தனை நாளும் அது ஓடிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

“கூப்டாம்மா” என்றான்.

அன்னம்மாள் அவனையே பார்த்தார்.

“ரெண்டு வாட்டி பேசினா. வாயில ஊக்கு வெச்சிக்கினு பேசினா. அதான் எனக்கு சரியா கேக்கல. இப்ப ஞாபகம் வந்திருச்சி.”

“சொல்லு.”

“மொதல்ல, ‘மணி, கொசுவம்’னா. தெனமும் அப்டித்தான் கூப்டுவா. நான்தான் கீழ புடிப்பேன்.”

“மூச்சு வாங்கிச்சா? கொரலு எப்டி இருந்துச்சி?”

“எப்பவும் போலத்தான்.”

“பொய் சொல்லாத மணி.”

“இல்லம்மா. எப்பவும் போலத்தான் இருந்துது. பின்னாடியே ஏதோ பாட்ட முணுமுணுத்தா.”

அன்னம்மாள் கண்ணை மூடினார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். வெளியே புதிதாக யாரோ வந்து அழுதார்கள். அவர் கண்ணைத் திறந்தபோது குரல் தெளிவாக இருந்தது.

“நீ இன்னா சொன்ன?”

“ஒரு நிமிஷம்னேன்.”

“அதுக்கு அவ இன்னா சொன்னா?”

மணிவண்ணன் சொல்லப் போனான். சட்டைப் பையிலிருந்த ஃபிளாப்பியைத் தொட்டுப் பார்த்தான். அன்னம்மாள் கையை நீட்டி அவன் முழங்காலில் வைத்தார். அவன் அதை அவள் சொன்ன மாதிரியே சொன்னான். ஏற்றமும் இறக்கமும் அதே மாதிரி.

“முடிச்சிட்டே வா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது.”